இரண்டாவது சிரிப்பு

மாங்குளம் சந்தியிலிருந்து கிழக்கே
இரண்டாவது வளைவில் குலசிங்கத்தின் பார்.
மின்னல் அடித்து அங்கே ரிவி செத்த கிழமை
புதுசு வாங்க மனமில்லாமல் என்னைக் கூப்பிட்டான்.
"ஒரு மைக், ஒரு பொக்ஸ் போதும்.
பொடியன் ஒருத்தன் நிண்டு பகிடி விடுவான்."

அன்றிலிருந்து சனிக்கிழமை சனிக்கிழமை.
போயா வந்தால் மட்டும் பூட்டு.

என் பொக்ஸுக்கு எல்லாம் ஒன்றுதான்.
காலையில் ஓட்டோவின் முதுகில் ஏறி
மரண அறிவித்தல் சொல்லும்.
இரவு ஏழரைக்கு, கச்சான் தோல்களுக்கு நடுவே,
டினோதனின் செருமலைப் பெரிதாக்கிக் காட்டும்.

டினோதன் பகலில் லீசிங் கொம்பனி.
தவணை பிந்திய மோட்டார்சைக்கிள்களை
இழுத்துக்கொண்டு போகிறவன்.
கேட்க வந்திருப்போரில் பாதிப்பேர்
அவனால் நடந்து வந்தவர்கள்.
"இனி வெறியில ஓடினதெண்டு பொலிஸ் பிடிக்காது.
எனக்கெல்லோ நீங்கள் நன்றி சொல்லோணும்?"

முதற் கிழமை ஒரு கோழிக்கால் பறந்து வந்தது.
அதைத் தின்று முடித்துவிட்டுத்தான்
அடுத்ததைச் சொன்னான்:

"வீட்டுத்திட்டத்தில எனக்கும் ஒரு வீடு.
முன்னுக்கு ஒரு கதவு, பின்னுக்கு ஒரு கதவு.
யானைக்கு நல்ல வசதி,
சுத்திப் போகத் தேவையில்லை."

சிரித்தார்கள்.
சிரித்து ஓய்ந்து கிளாஸைத் தூக்கும்போது
மூலை மேசையிலிருந்து
தனியாக ஒரு சிரிப்பு கிளம்பியது.

சவிரிமுத்து.
இடது காது மாத்தளனோடு போயிற்று.
வலது காது மழைக்கால றேடியோ.
பக்கத்திலிருக்கும் பரஞ்சோதி கையைக் குவித்து
அந்தக் காதுக்குள் ஏதோ சொல்வார்.
சவிரிமுத்து தோள் குலுங்கி, கண்ணில் நீர் முட்டி,
மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.
அதைப் பார்த்து எல்லோரும் இன்னொரு தரம்.

இப்படி ஒவ்வொரு பகிடிக்கும் இரண்டு சிரிப்பு.
இரண்டாவதுதான் பெரிசு.
என் அம்பிளிஃபயர் முள்
அதற்குத்தான் சிவப்பைத் தொடும்.

டினோதன் காத்து நிற்கப் பழகினான்,
ஒரு மிடறு சோடா குடிக்கிற நேரம்.
ஆனாலும் எரிச்சல்.
"பரஞ்சோதியண்ணை என்ர பகிடியைத் திருத்திறார்"
என்று வயர் சுற்றும்போது முறைப்பட்டான்.
"என்னெண்டு திருத்திறாரெண்டு தெரிஞ்சால்
நானே அப்பிடிச் சொல்லலாம்."

ஐப்பசியில் ஒரு சனி. தகரத்தில் மழை.
"ரோட்டோரம் ஒரு பலகை: மிதிவெடி, கவனம்.
பக்கத்திலயே இன்னொண்டு: காணி விற்பனைக்கு.
கீழ சின்ன எழுத்தில:
முதலில் கால் வைப்பவருக்கு முன்னுரிமை."

ஒருவரும் சிரிக்கவில்லை.
குலசிங்கம் பாட்டுக்குக் கிளாஸ் துடைத்தான்.
மழை மட்டும்.
முள் அசையாமல் கிடந்தது.
நான் வயரைப் பார்த்தேன், ஏதும் கழன்றுவிட்டதோ என்று.

பரஞ்சோதி சரிந்தார்.
கையைக் குவித்தார்.
சவிரிமுத்து சிரித்தார், அதே சிரிப்பு,
மேசை ஆட, போத்தல் ஆட.

பொறுக்க முடியாமல் டினோதன் இறங்கி நடந்தான்.
வயர் எட்டவில்லை.
பொக்ஸையும் தூக்கிக்கொண்டு நான் பின்னால்.
பரஞ்சோதியின் வாய்க்கு மைக்கை நீட்டினான்:
"அண்ணை, என்னத்தைச் சொல்லி இவரைச் சிரிக்க வைக்கிறியள்?"

"ஒண்டும் சொல்லுறேல்லை, தம்பி.
உன்ர பகிடியை ஆர் பாடமாக்கிறது?
'இப்ப சிரி' எண்டுவன். அவ்வளவுதான்.
இண்டைக்குப் பொடியன் தனிய நிக்கிறான், இப்பவே சிரி எண்டன்."

கூரை போய்விடும் போலிருந்தது.
கோழிக்கால் எறிந்தவன் கதிரையோடு சரிந்தான்.
டினோதன் நிலத்தில் குந்திவிட்டான்.
சவிரிமுத்து எங்களை முகம் முகமாகப் பார்த்து
"என்னவாம்?" என்றார்.

பரஞ்சோதி கையைக் குவித்தார்.

பத்தரைக்குப் பொக்ஸை ஓட்டோவில் ஏற்றினேன்.
விடிய ஆறுக்குப் பனிக்கன்குளத்தில் ஒரு செத்தவீடு,
ஈரம் துடைத்து வைக்கவேணும்.
முள்ளையே பார்த்துக்கொண்டிருந்ததில்
அன்றைக்கு நான் சிரிக்க மறந்துபோனேன்.

கனகராயன்குளம் கிட்ட, லைற் வெளிச்சத்தில்,
ஒரு வீடு. முன்கதவும் திறப்பு, பின்கதவும் திறப்பு,
ஊடே தெரிந்தது காடு.

ஓட்டோவை ஓரங்கட்டினேன்.
மழைக்குள் தனியே இருந்து
சிரித்தேன், சிரித்தேன்,
யார் வந்து என்ன நினைத்தாலும் நினைக்கட்டும்.